மலை மேல் விட்ட தண்ணீர் கீழே யார் வீட்டுக்குப் போகிறது?
கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை



மழைக்காலம் வந்தால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கேள்விகள் மாறிவிடும். கல்வி உதவித்தொகையும் மருத்துவச் சீட்டும் ஒருபுறமிருக்க, "செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, ஆள் யாராவது கிடைப்பார்களா?" என்று கேட்டு வருவோர் அதிகம். சேலத்திலிருந்து வரும் உறவினர்கள், "எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள், இணைப்பு வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்விதான்: நம் வீட்டுக் கழிப்பறையிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போகிறது, அதற்கு யார் பொறுப்பு?

இதைப் பேசக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் ஒளூவிலிருந்து குளிப்பு வரை தண்ணீரைப் பற்றி இவ்வளவு நுட்பமாகப் பேசும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்நிலையிலும் மக்கள் நடக்கும் வழியிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று எச்சரித்தார்கள். தூய்மையைப் பற்றிய நம் பாடம் நம் உடலோடும் தொழுகை விரிப்போடும் முடிந்துவிடுவதில்லை என்பதை இந்த எச்சரிக்கைகளே காட்டுகின்றன.

நாங்களே செய்த தவறு

மற்றவர்களுக்குச் சொல்லும் முன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸா கட்டடத்தின் கழிப்பறைகளுக்கு ஒரு குழி இருந்தது. அதை நாங்கள் "செப்டிக் டேங்க்" என்றுதான் சொல்லிவந்தோம். கட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பல ஆண்டுகளாக அது நிரம்பவே இல்லை என்பதில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

ஓர் ஐப்பசி மழையில், சரிவில் கீழ்ப்புறம் குடியிருக்கும் ஒரு வயதான அம்மா எங்களைத் தேடி வந்தார். காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்து ஓய்ந்தவர். சண்டை போட வரவில்லை. "ஐயா, எங்க கிணத்துத் தண்ணி வாடை அடிக்குது. பேரப்பிள்ளைக்கு வயித்துப்போக்கு நிக்கவே மாட்டேங்குது. ஒருதரம் வந்து பாருங்க" என்றார்.

ஊராட்சியில் வைத்திருக்கும் தண்ணீர் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அந்தக் கிணற்று நீரைச் சிறு குப்பியில் பிடித்து வைத்தோம். மறுநாள் அது கறுத்துவிட்டது. மலத்தில் உள்ள கிருமிகள் தண்ணீரில் கலந்திருந்தால் அந்தக் குப்பியில் உள்ள மருந்து கறுப்பாக மாறும். பிறகு எங்கள் குழியின் மூடியைத் திறந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. அடியில் தளமே இல்லை. நடுத்தடுப்புச் சுவரும் இல்லை. அது நிரம்பாமல் இருந்தது ஒழுகிக்கொண்டே இருந்ததால்தான்.

நாங்கள் பெருமைப்பட்டது ஓர் ஓட்டையை நினைத்து. எங்கள் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இறங்கிய அசுத்தம் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் குவளைக்குப் போயிருக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனை ஜுமுஆ பயான்களைக் கேட்டிருப்போம்! அந்த அம்மா மதத்தால் வேறு. ஆனால் அண்டை வீட்டார் என்ற உரிமையில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

மலையில் இது ஏன் சீக்கிரம் பரவுகிறது?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் அடிப்பகுதி சார்னகைட் என்னும் கடினப் பாறை. உச்சிகளில் சில இடங்களில் பாக்சைட் கனிமம். பாறைக்கு மேல் இருக்கும் மண் பல இடங்களில் ஆழம் குறைவு.

சமவெளியில் ஆழமான மண் இருந்தால், குழியிலிருந்து கசியும் நீர் மெல்ல மெல்ல வடிகட்டப்பட்டு இறங்கும். அந்தப் பயணத்தில் கிருமிகளில் பெரும்பகுதி மடிந்துவிடும். மலையில் மண்ணைத் தாண்டிய நீர் பாறை வெடிப்புக்குள் புகுந்துவிட்டால் வடிகட்ட அங்கே எதுவும் இல்லை. குழாயில் ஓடுவதுபோல ஓடி, கீழே எங்கோ ஒரு ஊற்றிலோ கிணற்றிலோ வெளிப்படும்.

நம் ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் இதே விஷயம் பேசப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையில் எத்தனை முழம் இடைவெளி வேண்டும் என்று இமாம்கள் விவாதித்தார்கள். முழக்கணக்கு மட்டும் போதாது, நிலம் இறுகியதா இளகியதா என்பதைப் பொறுத்து அது மாறும், அசுத்தத்தின் தடயம் கிணற்று நீரில் தெரியக்கூடாது என்பதே அளவுகோல் என்ற கருத்தும் அதில் உண்டு. நிறம், மணம், சுவை என்று கண்ணுக்கும் நாவுக்கும் எட்டியதை வைத்து அவர்கள் அளந்தார்கள். இன்று கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் நாம் அளக்க முடியும். இந்தியத் தர நிர்ணயம் கழிவுநீரை மண்ணில் உறிஞ்ச விடும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி தள்ளி இருக்கவேண்டும் என்கிறது. வெடிப்புள்ள பாறை நிலத்தில் அதையும் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலையில் விழும் நீர் மலையோடு நிற்பதில்லை. ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்த நீர் கிளியூர் அருவிக்குப் போகிறது. மலையின் ஒருபுறத்து நீர் வாணியாறாக இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் தங்கி, தென்பெண்ணையில் சேர்கிறது. இன்னொருபுறம் திருமணிமுத்தாறாக இறங்கி, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் கலக்கிறது. பெயரில் மணியும் முத்தும் உள்ள அந்த ஆறு சேலத்துக்குள் எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதை நாம் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறோம்.

செப்டிக் டேங்க் என்பது எது?

ஒரு வீட்டில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுவார்கள். அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும். அப்படியானால் அந்த வீட்டிலிருந்து நாள்தோறும் சுமார் 540 லிட்டர். மலையில் நாம் அவ்வளவு செலவழிப்பதில்லை என்றாலும், கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும் மே மாதத்தில் விடுதிகளின் கணக்கு இதைவிடப் பல மடங்கு.

உண்மையான செப்டிக் டேங்க் என்பது அடித்தளமும் சுவரும் நீர் கசியாதபடி பூசப்பட்ட தொட்டி. உள்ளே குறைந்தது இரண்டு அறைகள் இருக்கும். கழிவு உள்ளே வந்ததும் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் அடுத்த அறைக்குப் போகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அடியில் படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். வெளியேறும் நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி நிறைந்தது. அதைத் தெருச் சாக்கடையில் விடக்கூடாது. உறிஞ்சு குழிக்கோ பாதாள சாக்கடைக்கோதான் போகவேண்டும்.

அடியில் தளமில்லாமல் உறை இறக்கிய குழி செப்டிக் டேங்க் அல்ல. கிராமங்களில் அரசு பரிந்துரைக்கும் இரட்டைக் குழி முறை வேறு. அதில் ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்து முதல் குழியில் இருப்பது மட்கி உரமாகியிருக்கும். தனி வீடுகளுக்கு, கிணறு தூரத்தில் இருந்து, மண் ஆழமாக இருந்தால் அது நல்ல முறை.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயம் எடுக்கவேண்டும். "நிரம்பட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது தவறு. படிவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே தொட்டி வேலை செய்வதை நிறுத்திவிடும். பிறகு உள்ளே வருவது அப்படியே வெளியே போகும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டினால் நுண்ணுயிர்கள் செத்து, தொட்டி வெறும் மலக்கிடங்காகிவிடும்.

ஆளை இறக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்தப் பகுதி நிற்கவேண்டும் என்று அல்லாஹ்விடம் வேண்டுகிறோம்.

எங்கள் குழியைச் சீரமைக்க வந்தவர், "லாரிக்குச் சொன்னால் செலவு. ஒரு பையன் இருக்கிறான், இறங்கி அள்ளிவிடுவான்" என்றார். பழக்கப்பட்ட பேச்சு. நாங்களும் முன்பு ஒருமுறை அப்படிச் செய்யவிட்டிருக்கிறோம். அன்று அவன் உயிரோடு ஏறி வந்தது எங்கள் புத்திசாலித்தனத்தால் அல்ல.

மூடிய தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை வாடை. ஆனால் அளவு கூடியதும் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். உண்மையில் ஆபத்து அப்போதுதான் முற்றியிருக்கும். அடர்த்தி அதிகமானால் இரண்டொரு மூச்சில் மயங்கி விழுவார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் அது அடியிலேயே தங்கும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் வாளித் தண்ணீரை ஊற்றிக் கலக்குவதும் சோதனை ஆகாது. முதலாவது வெடிக்க வைக்கும், இரண்டாவது அடியில் அடங்கியிருந்த வாயுவைக் கிளப்பிவிடும்.

செய்தித்தாளில் இப்படிப்பட்ட சாவுகளைப் படிக்கும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இறந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் ஆள் விழுந்ததும் அண்ணனோ தம்பியோ தாங்காமல் குதிக்கிறான். அவனும் விழுகிறான். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் குதிக்காதீர்கள். மூடிகளையெல்லாம் திறந்துவிட்டுத் தள்ளி நின்று, தீயணைப்புத் துறைக்கும் 108-க்கும் சொல்லுங்கள். மூச்சுக் கருவி அணிந்தவரே இறங்க முடியும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது எந்தத் தனிநபருக்கும் எந்த நிறுவனத்துக்கும் தடை. வீட்டுக்காரரும் இதில் அடக்கம், பள்ளிவாசல் நிர்வாகமும் அடக்கம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்றும் சொன்னது.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யவேண்டாம். நம் வீட்டுக் குழியில் நம் பிள்ளையை இறக்குவோமா என்று கேட்டுப் பார்ப்போம். இறக்கமாட்டோம் என்றால், அந்தப் பையனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். தலைமுறை தலைமுறையாகச் சில சாதியாரின் தலையில் சுமத்தப்பட்ட வேலை இது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கக் கற்றவர்கள் அந்தச் சுமைக்குத் துணைபோகக் கூடாது.

லாரியை அழைத்துவிட்டால் நம் கடமை முடிந்ததா?

இல்லை. உறிஞ்சும் லாரி எடுத்துக்கொண்டு போவதை எங்கே கொட்டுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் ஏதாவது ஒரு வளைவில் வால்வைத் திறந்துவிட்டால் யார் பார்ப்பது? நம் தொட்டி சுத்தமாகிவிடும், யாரோ ஒருவரின் ஓடை நாறிவிடும்.

தமிழ்நாடு அரசு 2014-இலேயே செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதற்கெனத் தனிச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கும் வேலையும் நடக்கிறது. மாநிலத்தில் முதலாவது நிலையம் 2017-இல் செங்கல்பட்டை அடுத்த கருங்குழியில் தொடங்கப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் உறிஞ்சும் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம். 14420 என்ற உதவி எண்ணில் அழைத்து லாரிக்குப் பதிவு செய்யவும் வழி உண்டு. லாரி வந்தால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். தொட்டியின் அடியில் கொஞ்சம் படிவை விட்டுச் செல்வார்கள். அது ஏமாற்று அல்ல, நுண்ணுயிர்கள் மீண்டும் பெருக அது தேவை.

பாதாள சாக்கடை வந்தால்

இனி சேலத்தில் இருக்கும் நம் உறவுகளின் கேள்விக்கு வருவோம். 1994-இல் மாநகராட்சியான சேலத்தில் பாதாள சாக்கடைத் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பகுதி பகுதியாக நடந்துவந்திருக்கிறது. தோண்டிய தெரு மூடப்படாமல் கிடந்ததும், மழையில் வண்டி சிக்கியதும், பெரியவர்கள் விழுந்து அடிபட்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கசப்பில் பலர் "எனக்கு இணைப்பே வேண்டாம், என் செப்டிக் டேங்க் போதும்" என்கிறார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவு சரியல்ல.

பாதாள சாக்கடை வேலை செய்யும் விதம் எளிது. வீட்டுக் கழிப்பறையும் குளியலறையும் சமையலறையும் வீட்டு வாசலில் உள்ள ஆய்வுத் தொட்டியில் சேரும். அங்கிருந்து தெருக் குழாய். தெருக் குழாய் சரிவாகப் போடப்பட்டிருப்பதால் நீர் தானே ஓடும். தாழ்வான இடத்தில் நீரேற்று நிலையம் அதை மேலே தள்ளும். கடைசியில் சுத்திகரிப்பு நிலையம். அங்கே முதலில் துணி, பிளாஸ்டிக் போன்றவற்றைக் கம்பி வலையில் பிடிப்பார்கள். பிறகு மணலைப் படியவிட்டு, காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்து அழுக்கைத் தின்ன வைப்பார்கள். கடைசியில் தெளியவிட்டு, கிருமி நீக்கி வெளியேற்றுவார்கள்.

இந்தச் சங்கிலியில் வீட்டு இணைப்பு என்ற கண்ணி இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். உதகமண்டலத்தைப் பாருங்கள். அங்கே பாதாள சாக்கடை உண்டு. ஆனாலும் கோடப்பமந்து கால்வாய் வழியாகக் கழிவுநீர் உதகை ஏரிக்குப் போவது நீண்டகாலப் பிரச்சினை. குழாய் புதைத்தால் மட்டும் ஊர் சுத்தமாகாது. எல்லா வீடும் சேரவேண்டும், குழாய் அடைக்காமல் பராமரிக்கப்படவேண்டும். நாளை ஏற்காட்டுக்கு எந்தத் திட்டம் வந்தாலும் இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான பாடம் உண்டு. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லியில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. யமுனையில் கலந்த சாக்கடை நீர், நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடம் வரை எதிர்த்துப் போனதே காரணம். கர்ப்பிணிப் பெண்கள் அதில் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் கிருமிக்கு ஹெபடைட்டிஸ் ஈ என்று பின்னாளில் பெயரிட்டார்கள். தலைநகரில் நடந்தது எந்தத் தெருவிலும் சிறிய அளவில் நடக்கும்.

இணைப்பு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

ஒன்று, மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடாதீர்கள். ஒரு மழைக்கே குழாய் நிரம்பி, தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியே கழிவு மேலே பொங்கும். மழைநீருக்கு மழைநீர் வடிகாலும் சேகரிப்புத் தொட்டியும் இருக்கின்றன.

இரண்டு, இணைப்பு கொடுத்தபின் பழைய செப்டிக் டேங்கை அப்படியே விடாதீர்கள். லாரி வைத்துக் காலி செய்து, மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். மூடியில்லாத பழைய தொட்டியில் குழந்தைகள் விழுந்த துயரங்கள் உண்டு.

மூன்று, கட்டணத்துக்குரிய ரசீதை மாநகராட்சி அலுவலகத்திலேயே பெறுங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரிடம் பேச உதவி தேவையென்றால் எங்களிடம் வாருங்கள்.

நான்கு, தெரு தோண்டும் நாட்களில் குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். தோண்டும்போது குடிநீர்க் குழாய் உடைவது சகஜம். தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது வெளியே தேங்கிய அழுக்கு உடைப்பு வழியே உள்ளே போய்விடும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், கிருமிகளைக் கொல்ல அதுவும் போதும்.

ஐந்து, ஃபஜ்ருக்கு இருட்டில் போகும் பெரியவர்கள் கையில் டார்ச் இருக்கட்டும். தடுப்பு இல்லாத பள்ளத்தைக் கண்டால் புகைப்படம் எடுத்து வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள் நாம்.

நம் வீடுகளுக்கென்றே சில வார்த்தைகள்

குழாய் அடைப்பில் நம் பங்கையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானிக் குடலையும் கொழுப்பையும் சாணத்தையும் சாக்கடையில் தள்ளிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. கொழுப்பு குழாய்க்குள் குளிர்ந்து கல்லாக இறுகிவிடும். மலைக் குளிரில் இன்னும் சீக்கிரம். இனி ஒவ்வொரு பெருநாளுக்கும் மஹல்லாவில் ஒரே இடத்தில் அறுத்து, கழிவை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க ஏற்பாடு செய்வோம். வீட்டில் அறுப்பவர்களும் அந்தக் குழிக்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நிக்காஹ், வலீமா சமையலில் மிஞ்சும் எண்ணெயையும் அண்டாவில் ஒட்டிய நெய்யையும் காகிதத்தால் துடைத்தெடுத்த பிறகு கழுவுங்கள். குழந்தைகளின் டயப்பரும் பெண்களின் நாப்கினும் கழிப்பறையில் போடும் பொருட்கள் அல்ல. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் தனியாகக் கொடுங்கள். பள்ளிவாசல்களில் ஒளூ செய்யும் நீர் கழிப்பறை நீரோடு கலக்கவேண்டியதில்லை. அதைத் தனியே பிரித்து வாழைக்கும் மரங்களுக்கும் விடலாம். செப்டிக் டேங்குக்குப் பாரம் குறையும். ஓடும் ஆற்றில் ஒளூ செய்தாலும் வீண்விரயம் கூடாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம்.

கிணற்றுக்குத் தருகிறோம், குழிக்குத் தருகிறோமா?

தண்ணீர் தானம் என்றால் நம் மக்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள். மறைந்த பெற்றோரின் பெயரில் போர்வெல் போடவும் குடிநீர்த் தொட்டி வைக்கவும் பணம் தருகிறார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் இதுவரை எவரும் எங்களிடம் வந்து, "இந்தப் பணத்தில் ஓர் ஏழை வீட்டின் கழிவுக் குழியைச் சரிசெய்யுங்கள்" என்று சொன்னதில்லை. யோசித்துப் பாருங்கள். ஒரு புதுக் கிணறு வெட்டுவதும், இருக்கும் கிணறு கெடாமல் காப்பதும் பலனில் ஒன்றுதான். முன்னதில் கல்வெட்டு வைக்கலாம், பின்னதில் வைக்க முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான். கல்வெட்டு இல்லாத தர்மத்துக்குக் கூலி குறைவு என்று யாரும் சொல்லவில்லையே.

அதனால் இந்த ஆண்டு முதல் ஸதகா நிதியில் இதற்கென ஒரு பங்கை ஒதுக்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. தளமில்லாத குழி உள்ள ஏழைக் குடும்பங்கள், லாரிக் கட்டணம் கொடுக்க முடியாதோர், சேலத்தில் இணைப்புக் கட்டணத்துக்குத் திணறுவோர் ஆகியோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். முஸ்லிம் குடும்பம், பிற குடும்பம் என்ற பாகுபாடு இதில் இல்லை. தண்ணீருக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எங்கள் உதவியில் நடக்கும் எந்த வேலையிலும் தொட்டிக்குள் ஆள் இறங்கக்கூடாது.

இந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தொட்டிக்கு அடித்தளம் இருக்கிறதா, கடைசியாக எப்போது எடுத்தது, அதன் நீர் எங்கே போகிறது, சரிவில் கீழே யார் வீட்டுக் கிணறு இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டுகளாக நிரம்பவே இல்லை என்று யாராவது சொன்னால் மகிழாதீர்கள், விசாரியுங்கள்.

எங்கள் மத்ரஸாவில் இப்போது தளம் போட்டு, மூன்று அறைகளுடன் புதிய தொட்டி இருக்கிறது. உறிஞ்சு குழியைக் கிணற்றுக்கு எதிர்ப்புறமாக மாற்றிவிட்டோம். அந்த அம்மாவின் கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, பல வாரங்கள் கழித்து மறுபடியும் குப்பியில் பிடித்துப் பார்த்தோம். அடுத்த நாள் வரை காத்திருந்தோம். கறுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அதைச் சொல்லப் போனபோது அவர் எங்களுக்குக் கருப்புக் காபி போட்டுக் கொடுத்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டதுதான். குடித்துவிட்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்டு வந்தோம்.

நம் கையாலும் நாவாலும் நம் வீட்டுக் குழாயாலும் பிறருக்குத் தீங்கு வராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.